கடைப் பலகையைக் கழற்றிய கதை

அன்புள்ள சின்னக்குட்டி,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஆனால் அன்றைக்குப் போனில் பார்த்தபோது உன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, மேடை விளக்கு என்று சாக்கு சொல்லாதே.

டிசைன் படிக்கிற பிள்ளைகளுக்கு நீ பேசியதை நேரலையில் பார்த்தோம். நாங்கள் மட்டும் பார்த்திருந்தால் பரவாயில்லை, உன் அப்பா கடையில் இஸ்திரி மேசைமேல் போனைச் சாய்த்து வைத்து, பக்கத்துக் கடைத் தையல்காரரையும் துவைத்த துணியை வாங்க வந்த கொத்தனாரையும் பிடித்து உட்கார வைத்துவிட்டார், எங்கள் பொண்ணு பேசறா, அசையக் கூடாது என்று உத்தரவு வேறு. நீயும் ஜோராகத்தான் ஆரம்பித்தாய். அப்புறம் திரையில் நம் கடைப் பலகையையே போட்டு, "இதுதான் என் முதல் வேலை, நான் பண்ணதிலேயே மோசமான வேலையும் இதுதான்" என்றாயே, நான் சட்டென்று அப்பா முகத்தைத்தான் பார்த்தேன். ச எழுத்தின் காலை ஹேங்கர் மாதிரி நீ வளைத்ததில் 'சலவை நிலையம்' எல்லார் கண்ணுக்கும் 'கலவை நிலையம்' ஆகிவிட்டதைச் சொன்னதும் அங்கே கூடம் முழுக்கச் சிரிப்பு. தையல்காரரும் சிரித்தார், அப்பா திரும்பிப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார். "எங்கப்பா நல்லாருக்குன்னு மட்டும்தான் சொன்னார், உங்க மேல பாசம் இருக்கறவங்ககிட்ட மட்டும் வேலையைக் காட்டாதீங்க, தெருவில போறவங்ககிட்ட காட்டுங்க, காட்டிட்டு வாயை மூடிக்கிட்டு நில்லுங்க" என்று நீ சொன்னபோது அப்பா எழுந்துபோய் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்க்க ஆரம்பித்தார். அந்தச் சட்டைக்காரர் பாவம், அவ்வளவு மொடமொடப்பை அவர் கேட்கவே இல்லை.

மறுநாள் காலையில் ஏணியைப் போட்டுப் பலகையைக் கழற்றினார். கோபம் என்றுதான் நினைத்தேன். முழங்காலோடு எதற்கு இந்த வேலை என்று நான் கத்தியது அவர் காதில் விழவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்ச்சுவரில் சாய்த்துவிட்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, இதுல என்ன எழுதியிருக்கு என்று கேட்டார். கேட்டுவிட்டு நீ சொன்ன மாதிரியே வாயை மூடிக்கொண்டு நின்றார், அதுதான் எனக்கு ஆச்சரியம். எல்லாரும் கலவை என்றார்கள், ஒரு அம்மா மட்டும் அந்த வளைந்த காலைப் பார்த்து நடனப் பள்ளியா என்று கேட்டாள். அதோடு அப்பாவுக்குச் சிரிப்பு பீறிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உங்களுக்கு இது முன்னாடியே தெரியாதா என்று கேட்டேன். "மாட்டின அன்னைக்கே தெரியும். சிமென்ட் கலவை கேட்டு ஆள் வரும்போதெல்லாம், இது எங்க பொண்ணு வரைஞ்சதுன்னு சொல்ல ஒரு சாக்கு கிடைச்சுதே, அதை ஏன் விடணும்" என்றார். யோசித்துப்பார், கொத்தனாரே முதலில் கலவை கேட்டு வந்தவர்தான், இன்று வாரம் தவறாமல் துணி போடுகிறார்.

அந்தக் கொத்தனார்தான் பலகையைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டார், சொந்தமாகக் கலவை இயந்திரம் வாங்கியிருக்கிறாராம், எனக்கு ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம் என்றார். அப்பாவுக்கு மனதே இல்லை, இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டுக் கொடுத்தார். இப்போது கொத்தனாரின் கொட்டகை வாசலில் ஜம்மென்று தொங்குகிறது, வருகிறவர்கள் எல்லாரும் சரியாகவே படிக்கிறார்கள்.

நம் கடைக்கு நானே எழுதுகிறேன் என்று அப்பா ஒரு அட்டையும் தூரிகையுமாக உட்கார்ந்தார். 'துணி துவைக்க' என்பதிலேயே அட்டை முடிந்துபோய், 'ப்படும்' என்பதை ஓரத்தில் எறும்பு வரிசை மாதிரி கீழே இறக்கினார். எழுத்துக்கு நடுவில் விடுகிற வெற்றிடமும் வேலைதான் என்று நீ சொன்னாயே, அது இப்பத்தான் புரியுது என்கிறார். உன் பேச்சால் இன்னொரு வினையும் வந்தது, மனதில் பட்டதை உடைத்துச் சொல்ல வேண்டும் என்று கிளம்பி, என் ரசனைக்கும் என் புதுப் புடவைக்கும் மதிப்பெண் போடுகிறார். தையல்காரரிடம் அவர் சட்டைக்கு வைத்த கை கோணல் என்று சொல்லிவிட்டார், தையல்காரர் இரண்டு நாள் இந்தப் பக்கமே பார்க்கவில்லை.

ஆகையால் புதுப் பலகையை நீதான் வரைந்து அனுப்ப வேண்டும். இந்தத் தடவை உண்மையைச் சொல்வேன் என்று அப்பா சபதம் போட்டிருக்கிறார். என்னை நீயாக நிற்க வைத்து ஒத்திகையும் பார்த்தார். "எனக்கு இது பிடிக்கலம்மா" என்று விறைப்பாகத்தான் ஆரம்பித்தார், நான் முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டேன், உடனே குரல் இறங்கி, "ஆனா பரவால்ல, மாட்டிரலாம்" என்றுவிட்டார். அதனால் மாதிரியை முதலில் என் போனுக்கு அனுப்பு, மறந்துவிடாதே. இதை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வரி சேர்க்கச் சொல்லி நச்சரிக்கிறார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "அம்மா சொல்றதை நம்பாதே, நான் தைரியமா சொல்லுவேன். நீ எதை வரைஞ்சாலும் நல்லாத்தான் இருக்கும்."

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல், கைக்கு வேலையும் மனதுக்குச் சிரிப்பும் குறையாமல் நீ நீடூழி வாழ வேண்டும்.

எப்போதும் உன் நினைப்பாக,
அம்மா