கணக்கில் ஏறாத நாலு தூண்கள்

மார்ச் 4

வெடிக்காரருக்கு,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கவும் வாய் வரவில்லை. நம் மகள் நன்றாகப் படிக்கிறாள்.

புதிதாக இடிக்கப்போகும் கட்டடத்துக்குக் கம்ப்யூட்டரில் மாதிரி போட, அன்று நாம் இடித்த ஒன்பது மாடிக் கட்டடத்தின் கோப்பைத் திறந்தேன். உங்கள் கையெழுத்தில் ஒரு தாள். "கீழ்த்தளத்தில் இடப்பக்கத் தூண்கள் நாலுக்கும் மேலே புதுக் கான்கிரீட் போர்த்தியிருக்கு." அதை நான் கணக்கில் ஏற்றவே இல்லை. பழைய தூண் என்றே கணக்குப் போட்டு, வெடிமருந்தின் அளவை உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நேற்று சரியாக ஏற்றி ஓட்டினேன். அந்த நாலு தூணும் நொறுங்காமல் நிற்க, கட்டடம் நேரே உட்காராமல் வலப்பக்கம் சாய்ந்து பக்கத்துத் தையற்கடை மேல் விழுந்தது. அன்றைக்கு விழுந்தபடியே. ஏழு முறை ஓட்டிவிட்டேன். ஏழு முறையும் அப்படித்தான்.

வெடிகள் வெடிக்க வேண்டிய வரிசையை நீங்கள் மாற்றிவிட்டதாக விசாரணையில் சொல்லி லைசென்ஸைப் பிடுங்கினார்கள். நானும் மகள் முன்னால், "உங்க அவசரத்தால அந்தத் தையற்காரருக்குக் கால் போச்சு" என்று கத்தினேன்.

உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது. நான் என்ன செய்யட்டும்?

உங்கள் (அப்படிப் போடலாமா, தெரியவில்லை)
கம்ப்யூட்டரம்மா

மார்ச் 11

கம்ப்யூட்டரம்மாவுக்கு,

கட்டடம் விழுந்த மூன்றாம் நாளே எனக்கு அது தெரியும். விசாரணை அறையில் உன் கணக்குத் தாளைப் பார்த்தேன். இரண்டு பேர் வேலையும் போனால் வீடு என்னாவது என்று வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் நீ கத்தினாய். உண்மையை மென்று விழுங்கிக்கொண்டு உன் எதிரே உட்கார முடியவில்லை. கிளம்பிவிட்டேன்.

நான் ஒன்றும் மகான் இல்லை. ஒரு தூணையாவது முன்கூட்டி வெடித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

இங்கே கல்குவாரியில் லாரி ஓட்டுகிறேன். பழகிவிட்டது. யாரிடமும் மூச்சு விடாதே. புதுக் கட்டடத்தைக் கவனி.

வெடிக்காரன்

மார்ச் 17

வெடிக்காரருக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே விசாரணை அலுவலகத்துக்குப் போய்விட்டேன். தாளைக் கொடுத்து, தப்பு என்னுடையது என்று எழுதியும் கொடுத்தேன். "யாரும் கேக்கலையே, நீங்களா ஏம்மா வந்தீங்க?" என்றார் அதிகாரி. புதுக் கட்டட வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

அங்கிருந்து தையற்காரரிடம் போனேன். மிஷினுக்கு மோட்டார் வைத்திருக்கிறார். தலை நிமிராமல் கேட்டுவிட்டு, "ரெண்டு வருஷமா தப்பான ஆளையில்ல திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார். அப்புறம் என்னைத் திட்டினார். நின்று கேட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்த மறுநாள் உங்கள் கடிதம். படித்ததும் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, இரண்டு வருஷம் என்னைக் கொடுமைக்காரியாக நடமாட விட்டிருக்கிறீர்கள். என்னிடம் சொல்லியிருந்தால் உங்களுக்குப் பதில் நானே லாரி ஓட்டியிருப்பேன்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம் இரண்டு பேரோடும் அவள் பேசுவதாக இல்லை.

உங்கள் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கலாம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். மன்னிக்க வருவதானால் வர வேண்டாம். சண்டை போட வருவதானால் வாருங்கள்.

உங்கள்
கம்ப்யூட்டரம்மா