‘நான் சொல்கிறபடி செய்’ என்ற வாக்கியமும் ஊமையாக்கப்பட்ட என் கணினியும்

அனுப்புநர்:
தொலைபேசி இணைப்பாளர்,
விசாரணைக் கூடம், தரைத்தளம்,
அரசுப் பொது மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
கணினிச் சேவைகள் பிரிவு,
சுகாதாரத் துறைத் தலைமை அலுவலகம்.

வழி: நிர்வாக அலுவலர் வழியாக அனுப்பப்படவில்லை. காரணம் பத்தி 3-இல் உள்ளது.

பொருள்: மென்பொருள் நிறுவும் உரிமையை ஊழியர்கள் அனைவரிடமிருந்தும் பறித்த சுற்றறிக்கை – எனது திரைவாசிப்பானின் தமிழ்க் குரல் நீக்கப்பட்டது – மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகச் சுற்றறிக்கை. 2. எனக்கு வழங்கப்பட்ட குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பிறவியிலேயே கண் தெரியாதவள். இம்மருத்துவமனைக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை எடுத்து உரிய வார்டுக்கு இணைத்துத் தருவது என் பணி. எந்த நோயாளி எந்த வார்டில், எந்தக் கட்டிலில் இருக்கிறார் என்பது என் மேசைக் கணினியின் திரையில் வரும். அதை எனக்குப் படித்துச் சொல்வது திரைவாசிப்பான் என்ற மென்பொருள். அது தமிழில் பேச வேண்டுமானால் தமிழ்க் குரலைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். பணியில் சேர்ந்தபோது எழுத்துமூலம் அனுமதி பெற்று நானே நிறுவிக்கொண்டேன். அது பேசிய காலம் வரை என்மீது ஒரு புகாரும் இல்லை. தங்கள் சுற்றறிக்கை அதை நீக்கிவிட்டது. இப்போது என் வேலையும் போகும் நிலையில் இருக்கிறது.

2. எங்கள் கணினிகள் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுபவை. மென்பொருள்களைச் சேர்க்கவும் நீக்கவும் அதில் ஒரு கருவி உண்டு. தாங்கள் அறியாததல்ல, ஆயினும் இம்மனு தங்களிடம் வருமுன் பல கை மாறும் என்பதால் சொல்கிறேன். கணினி இயங்குவதற்கே அடிப்படையான ஒன்றை நீக்கச் சொன்னால் எங்களிடம் உள்ள அக்கருவி உடனே கீழ்ப்படியாது. எவையெவை போகும் என்று வரிசையாகச் சொல்லும். இது ஆபத்து என்று எச்சரிக்கும். அதன்பிறகும் வேண்டுமென்றால், ‘ஆம், நான் சொல்கிறபடி செய்’ என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் முழுதாகத் தட்டச்சிட வேண்டும். கணினி உன்னுடையது, முடிவும் உன்னுடையது, ஆனால் தெரிந்து செய் என்பதே அதன் உள்ளர்த்தம். ஒரு பெரிய மனிதரை நடத்துவதுபோல அது நம்மை நடத்துகிறது. இந்த அலுவலகத்தில் வேறு எதுவும் என்னை அப்படி நடத்தியதில்லை.

3. எனக்கு அடுத்த மேசை நோயாளிகள் பதிவு மேசை. சம்பவத்தன்று காலை எங்கள் நிர்வாக அலுவலர், தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த வண்ணப் பிரிண்டரை அந்தக் கணினியில் இணைக்க வந்தார். மகனின் பள்ளி வேலை ஒன்றை அச்சிட வேண்டுமாம். அதற்கான மென்பொருளை எங்கிருந்தோ இறக்கியிருந்தார். அது எங்கள் கணினிக்குப் பொருந்தாதது. அதைப் போட வேண்டுமானால் இன்னின்னவற்றை நீக்க வேண்டும் என்று கருவி நீளமாக எச்சரித்தது. பதிவு எழுத்தர், "சார், என்னென்னமோ எடுத்துடப் போறதா எழுதியிருக்கு, ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்றார். அலுவலர், "அதெல்லாம் சும்மா கேக்கும். என்ன அடிக்கச் சொல்லுதோ அதை அடி" என்றார். அடிக்க வேண்டிய வாக்கியம் இன்னதென்று எழுத்தர் படித்துக் காட்டியதும் அலுவலர் சிரித்தார். "பரவாயில்லையே, யார் பேச்சைக் கேக்கணும்னு இதுக்காவது தெரிஞ்சிருக்கு" என்றார்.

இதில் எனக்கு வியப்பில்லை. கோப்புகளில் மஞ்சள் சீட்டு ஒட்டிய இடத்தில் கையெழுத்திடுவது அவர் வழக்கம். தாள் புரளும் சத்தத்துக்கும் பேனா ஓடும் சத்தத்துக்கும் நடுவே மூச்சுவிடக்கூட நேரம் இருக்காது. கணினியின் எச்சரிக்கையும் அவருக்கு இன்னொரு மஞ்சள் சீட்டு, அவ்வளவுதான்.

4. எழுத்தர் அந்த வாக்கியத்தை அடித்தார். திரை கறுத்துவிட்டது என்றார். பதிவு நின்றது. வரிசையில் நின்றவர்களில் வயதானவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள், கைக்குழந்தைகள் அழுதன. பராமரிப்புப் பொறியாளர் வந்து சரிசெய்யும்வரை பகல் முழுதும் அந்தச் சத்தத்தின் நடுவேதான் நான் அழைப்புகளை எடுத்தேன். அலுவலர் தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

5. பின்னர் தங்கள் சுற்றறிக்கை வந்தது. ‘ஊழியர்கள் தாறுமாறாக மென்பொருள் நிறுவியதால்’ என்று அது தொடங்குகிறது. எந்த ஊழியர்கள், ஐயா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இனி யாரும் எதையும் நிறுவக் கூடாது, அனுமதிக்கப்பட்டவை தவிர மற்றவை கணினியைத் திறக்கும்போதெல்லாம் தாமாகவே நீக்கப்படும் என்கிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இது. அனுமதிக்கப்பட்டவற்றை எழுத்தரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதில் சீட்டாட்டம் இருக்கிறது. தமிழ்க் குரல் இல்லை. இந்த மருத்துவமனைக்கான முதன்மைக் கடவுச்சொல் நிர்வாக அலுவலரிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தாயிற்று.

எனக்குக் கோபம் என்று தாங்கள் எண்ண வேண்டாம். கோபம் ஆறிவிடும். இதை நினைக்கும்போதெல்லாம் வருவது அருவருப்பு. எச்சில் கையை அடுத்தவர் துண்டில் துடைத்துவிட்டு, துண்டு அழுக்காக இருக்கிறது என்று கடிந்துகொள்பவரைப் பார்த்தால் வருமே, அது.

6. குரல் போன பிறகு நான் நினைவை நம்பி வேலை செய்தேன். வார்டுச் செவிலியர்களிடம் கேட்டுக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டேன். கட்டில் மாற்றங்களை அவர்கள் கணினியில்தான் பதிகிறார்கள். என்னிடம் வந்து சொல்ல அவர்களுக்கு ஏது நேரம்? ஒருநாள் வெளியூரில் லாரி ஓட்டும் ஒருவர் அழைத்தார். முந்திய நாள் மனைவிக்கு அறுவை சிகிச்சை; எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நான் அறிந்த வார்டுக்கே இணைத்தேன். அந்த அம்மையார் அன்று காலையே வேறு வார்டுக்கு மாற்றப்பட்டிருந்தார். எடுத்த புதுச் செவிலியர், "அந்தக் கட்டில் காலியா இருக்குங்க, காலையிலயே துடைச்சு விரிச்சுட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த லாரி ஓட்டுநர் மறுபடி என்னை அழைத்தார். "அம்மா, பிள்ளைங்ககிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்" என்று மட்டும் கேட்டார். எல்லா வார்டுகளையும் அழைத்து, அந்த அம்மையாரைக் கண்டுபிடித்து, அவர் வாயாலேயே "நல்லாத்தான் இருக்கேங்க" என்று பேசவைக்கும்வரை கணவரை நான் இணைப்பிலேயே வைத்திருந்தேன். பின்னர் அவர் புகார் எழுதினார். அது முழுக்க நியாயமான புகார். அதன்மேல்தான் எனக்குக் குறிப்பாணை: தக்க விளக்கம் தராவிட்டால் தொலைபேசி இருக்கையிலிருந்து நீக்கி மருந்துக் கிடங்கில் உட்கார வைக்கப்படுவேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை, நாற்காலி மட்டும் உண்டு. குறிப்பாணையில் மஞ்சள் சீட்டின் பசை இன்னும் ஒட்டுகிறது.

7. ஐயா, அதே எச்சரிக்கை ஒருமுறை எனக்கும் வந்தது. குரலின் புதிய பதிப்பை நிறுவ முயன்றபோது, இதற்காக இன்னின்னவற்றை நீக்க வேண்டும் என்று கருவி சொன்னது. எனக்குக் கண்ணை ஓட்டித் தாண்டிப் போக வழியில்லை. திரைவாசிப்பான் ஒவ்வொரு பெயராகப் படித்தது, நான் முழுவதும் கேட்டேன். வேண்டாம் என்று பதில் கொடுத்தேன். கணினியும் எதையும் தொடாமல் நின்றது. பொறியாளரிடம் கேட்டுப் பொருத்தமான பதிப்பைப் போட்டுக்கொண்டேன். ஆகவே குற்றம் அந்த உரிமையிலும் இல்லை, அந்த வாக்கியத்திலும் இல்லை.

பூட்டே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. அந்த வாக்கியத்துக்குக்கூட மசியாதபடி கருவியின் புதிய பதிப்பை அதை உருவாக்கியவர்களே இறுக்கியிருக்கிறார்கள் என்று பொறியாளர் சொன்னார், நல்லது. அடிப்படையானவற்றுக்கு எத்தனை பூட்டு வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் கூரையைப் பிரிக்காமல் தடுப்பது வேறு, குடியிருப்பவர் தம் விளக்கை ஏற்றக் கூடாது என்பது வேறு.

8. எனவே, என் தமிழ்க் குரலை உடனே மீட்டுத் தந்து அனுமதிக்கப்பட்டவற்றுடன் சேர்க்கவும், கணினியின் அடிப்படையைத் தொடாத மென்பொருள்களை ஊழியர் தம் தேவைக்கு நிறுவிக்கொள்ளும் உரிமையைத் திருப்பித் தரவும், முதன்மைக் கடவுச்சொல்லை எச்சரிக்கைகளைப் படிக்கும் பழக்கமுள்ள ஒருவரிடம் மாற்றவும், அதுவரை குறிப்பாணையை நிறுத்திவைக்கவும் வேண்டுகிறேன். இத்தகைய குறைகளை அலுவலகக் கணினி வழியே மட்டும் பதிய வேண்டும் என்கிறது சுற்றறிக்கை. என் கணினி பேசாததால் தபாலில் அனுப்புகிறேன்.

9. நான் சொல்லச் சொல்ல இம்மனுவை என் அண்ணி தட்டச்சிட்டார். முடித்ததும், "போதும், கையெழுத்துப் போடு, தபாலுக்கு நேரமாச்சு" என்றார். முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். ஒரு வரி விடாமல் இருமுறை படித்தார். அதன்பிறகே, அவர் ஸ்கேல் வைத்துக் காட்டிய இடத்தில் ஒப்பமிடுகிறேன். இதற்கான பதில் ஆணையைத் தங்களிடம் வைப்பவர்களும் ஒரு மூலையில் சீட்டு ஒட்டித்தான் வைப்பார்கள். கையெழுத்திடும் முன் அதைத் தாங்கள் ஒருமுறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: விசாரணைக் கூடம்
நாள்: குறிப்பாணைக்கு விளக்கம் தர வேண்டிய கடைசி நாள்

(ஒப்பம்)
தொலைபேசி இணைப்பாளர்