மானிட்டர் இருந்த இடம்

ஜூன் 2, திங்கள்

இனி பெரிதாக்க முடியாது. எழுத்தைப் பெரிதாகக் காட்டும் மென்பொருளைக் கடைசி அளவுக்குக் கொண்டுபோய்விட்டேன். திரை முழுக்க ஒன்றரை எழுத்து நிற்கிறது. 'த' தெரிகிறது, பக்கத்தில் ஏதோ ஒரு கொம்பு தெரிகிறது. மீதியை நான் நகர்த்தி நகர்த்திப் பிடிக்க வேண்டும். ஒரு வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடுகிறது.

திங்கள்கிழமை என்றால் வேங்கிக்காலில் எங்கள் அலுவலகத்துக்கு மனுக்கள் வந்து குவியும். மனுப் பிரிவு என்னுடையது. படித்து, பதில் வரைவு எழுதி, கண்காணிப்பாளருக்கு வைக்க வேண்டும். தெருவிளக்கு கேட்ட ஒரு மனுவில் ஊர்ப் பெயரின் முன்னால் இருந்த 'கீழ்' திரைக்கு வெளியே நின்றுவிட்டது. பதில் அதே பெயரில் இருக்கும் 'மேல்' ஊருக்குப் போய்விட்டது. அந்த ஊர்க்காரர் இன்று நேரில் வந்து, "நாங்க விளக்கே கேக்கலியேம்மா, எங்களுக்கு தண்ணிதான் பிரச்சினை" என்று சிரித்தார். அவர் சிரித்தார். எனக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஜூன் 4, புதன்

கண்காணிப்பாளர் கோதண்டராமன் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டியிருக்கலாம்.

"நீங்க எதுக்கும்மா இவ்ளோ கஷ்டப்படணும்? வாங்க, உக்காருங்க, போங்க. சம்பளம் எங்கயும் போயிடாது. உங்க பிரிவ வினோதினி பாத்துக்கும்."

வினோதினி என் பக்கத்து மேசை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான். நல்ல பெண். அதுதான் எரிச்சல், எல்லோரும் நல்லவர்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் சொன்னதற்குத் திருமலை, "அந்தாளு நல்லதுக்குத்தானே சொல்றாரு, இன்னா இப்போ?" என்றார். கணவரிடம் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. தட்டை மட்டும் சத்தமாக வைத்தேன்.

வாங்க, உக்காருங்க, போங்க. இருபது வருஷம் வேலை பார்த்தவளுக்கு வேலையின் பெயர் இது.

ஜூன் 6, வெள்ளி

கலையரசன் என்று ஒருவர். டவுனில் ஒரு வங்கியில் வேலை. பிறவியிலேயே பார்வை இல்லை. யாரோ கொடுத்த எண், வாரக்கணக்கில் அழைக்காமலே வைத்திருந்தேன். இன்று அழைத்தேன்.

"பெருசு பண்ற சாஃப்ட்வேர் இன்னும் வெச்சினு இருக்கீங்களா? அத மூட்ட கட்டுங்க மேடம். படிச்சுக் காட்டற சாஃப்ட்வேருக்கு வாங்க. இலவசம்தான்."

எனக்குக் கொஞ்சம் பார்வை இருக்கிறது என்றேன். அழுத்தித்தான் சொன்னேன்.

"இருக்கட்டும். அது வூட்டுக்கு வெச்சுக்கங்க" என்றார். திமிர் பிடித்த ஆள்.

ஜூன் 10, செவ்வாய். பௌர்ணமி

எழுதவே கை கூசுகிறது.

பௌர்ணமி என்றால் அடி அண்ணாமலையிலிருந்து வண்டி எடுத்துப் போவது பெரும்பாடு. சாலையில் எல்லாம் தடுப்பு. திருமலை சந்து வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதாகச் சொல்லி, என்னைக் கிரிவலப் பாதை ஓரத்தில் நிற்கவைத்துவிட்டுப் போனார். கறுப்புக் கண்ணாடி, கையில் மடக்கிய குச்சி. பக்கத்தில் வரிசையாகச் சாமியார்கள் உட்கார்ந்திருந்தார்கள், அதை நான் பார்க்கவில்லை. நடந்துபோன யாரோ ஒரு அம்மா என் கையைப் பிடித்து உள்ளங்கையில் ஒரு நாணயத்தை வைத்து மூடிவிட்டுப் போனாள். "சாப்புடுமா" என்றாள்.

இன்னாம்மா இது, நான் ஆபீஸுக்குப் போறேன், நான் அசிஸ்டென்ட்டு என்று கத்தினேன். அவள் அதற்குள் போயிருப்பாள். கத்தியது சாமியார்களுக்குத்தான் கேட்டது.

கோதண்டராமனும் இதைத்தானே செய்கிறார்? கையைப் பிடித்து, வைத்து, மூடிவிட்டு.

மாலையில் நானே கலையரசனை அழைத்தேன்.

ஜூன் 12, வியாழன்

அந்தக் குரலை நிறுவியாகிவிட்டது. காதில் மாட்டிக்கொண்டால் கணினியில் இருப்பதையெல்லாம் படிக்கிறது. 'விண்டோ', 'பட்டன்', 'லிங்க்', மூச்சு விடாமல். சாவியைத் தட்டினால் அதையும் சொல்கிறது. ஏலம் விடுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதுபோல இருக்கிறது.

பழைய பதில் கோப்பு ஒன்றைத் திறந்தேன். 'மனுதாரர்' என்று இருக்கும் இடம். குரல் படித்தது: கே டி ஜே எச் யு எச்.

முழுப் பக்கமும் அப்படியே. ஏ பி சி டி கொட்டிக் கிடக்கிறது. நான்தான் ஏதோ கெடுத்துவிட்டேன் என்று பயந்துபோய் அணைத்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

நான் கெடுக்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் இன்னும் பழைய எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறோம். நானும் அப்படித்தான். கண்ணுக்கு அது தமிழ். உள்ளே கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து, மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது. யூனிகோடில் அடித்தால்தான் குரல் தமிழாகப் படிக்கும் என்றார் கலையரசன்.

வினோதினியிடம் சொன்னேன்.

"நல்லாத்தானேக்கா தெரியுது எழுத்து?"

"உனக்குத் தெரியுதுடீ. அதுக்குத் தெரியலை."

"அப்ப கீபோர்டு மாறுமாக்கா? எனக்குக் கை பழகிடுச்சேக்கா..."

எனக்கு மட்டும் கை பழகவில்லையா?

ஜூன் 18, புதன்

இன்னொரு கூத்து. மனு மேல் வரும் அறிக்கையை எல்லா ஊர் அலுவலகத்திலும் கணினியில்தான் அடிக்கிறார்கள். அடித்ததை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கைபேசியில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். எழுத்தாக இருந்ததைப் படமாக ஆக்கி அனுப்பினால்தான் அவர்களுக்குத் திருப்தி. குரல் ஒரே வார்த்தை சொல்கிறது: "காலி."

அடித்த கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள் என்று ஒவ்வொரு ஊருக்காகப் போன் போட்டேன். "அனுப்பிட்டோமே மேடம், சாஃப்ட் காப்பிதானே அது?" என்கிறார்கள்.

ஜூன் 19

இன்றும் காலி.

ஜூன் 25, புதன்

காதில் கேட்கிறேன், அதே சமயம் திரையிலும் துழாவுகிறேன். இரண்டும் ஒத்துப்போவதில்லை. தலைவலி. குரல் மூன்றாவது பத்திக்குப் போயிருக்கும், நான் இன்னும் முதல் வரியில் 'த'வைத் தேடிக்கொண்டிருப்பேன். கலையரசனிடம் அழுகிற குரலில் சொன்னேன்.

"கண்ணு குறுக்க வருது மேடம். அது பாக்க ட்ரை பண்ற வரிக்கும் காது வேலைய எடுத்துக்காது. மானிட்டர் சுவிட்ச ஆஃப் பண்ணுங்க."

முடியாது என்றேன்.

"ஏன்?"

போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

ஏன்?

அணைத்தால் நான் குருடி. திரை எரிகிற வரை பார்வை கம்மியானவள். அவ்வளவுதான் காரணம். எழுதிவிட்டேன், போ.

ஜூலை 1, செவ்வாய்

அணைத்துவிட்டேன். காலையில் யாரும் வருவதற்கு முன்பே.

முதல் ஒரு மணி நேரம் கை சுவிட்சுக்கே போய்ப் போய் வந்தது. பிறகு தலைவலி வரவில்லை என்பதைக் கவனித்தேன். வயல் பாதை மறிக்கப்பட்டதாக வந்த ஒரு மனு. ஏதோ புண்ணியவான் யூனிகோடில் அடித்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். தொடக்கத்திலிருந்து கடைசி வரை கேட்டேன். முடிவு வரும்போதும் மனுவின் தொடக்கம் நினைவில் இருந்தது! எத்தனை மாதமாயிற்று இப்படி. பதில் வரைவை யூனிகோடில் நானே அடித்தேன். அச்சுப்பொறி வினோதினியின் கணினியில்தான் இருக்கிறது. அவள் அச்செடுத்துக் கண்காணிப்பாளர் அறையில் வைத்துவிட்டு வந்தாள்.

இந்த நாட்குறிப்பையும் இன்றுமுதல் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். என் வாக்கியங்களை அந்தக் குரல் சொல்லும்போது கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருக்கின்றன.

ஜூலை 4, வெள்ளி

வேகத்தைக் கூட்டினேன். ஏலக்காரன் இன்னும் வேகமாகக் கூவுகிறான், ஆனால் புரிகிறது. வரைவுகள் தேங்காமல் போகின்றன. கோதண்டராமன் இரண்டு முறை என் மேசைப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போனதாக வினோதினி சொன்னாள்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று ஒரு கோப்பைக் குரல் தடங்கலே இல்லாமல் படித்தது. அலுவலகத்தில் என்னைத் தவிர இன்னொருவர் யூனிகோடில் அடித்த முதல் குறிப்பு. என் நச்சரிப்பு தாங்காமல் வினோதினி கடைசியில் பழகிவிட்டாள் போலிருக்கிறது. எல்லா மேசைக்கும் பொதுவான கோப்புறையில் இருந்தது. சந்தோஷமாகத் திறந்தேன்.

"உதவியாளர் திருமதி அருணாதேவி அவர்கள் தமது உடல்நிலை கருதி மனுப் பிரிவுப் பணியிலிருந்து விலகிக்கொள்ள இசைவு தெரிவித்துள்ளதால், அப்பிரிவு திருமதி வினோதினி அவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது."

நிறுத்தற்குறிகூட விடாமல் படித்தது. திரும்பப் படிக்கவிட்டேன். அதே குரல், அதே வேகம்.

இசைவா? எப்போ? யாருகிட்ட? எந்த வாயால சொன்னேன்?

நல்லா படிக்குது சனியன்.

ஜூலை 9, புதன்

காலையில் நேராக அவர் அறைக்குப் போனேன்.

"யார் சார் ஒத்துக்கிட்டது?"

அவர் உண்மையாகவே குழம்பிப்போனார். "நீங்கதானேம்மா? யோசிச்சு சொல்றேன்னீங்க. அப்புறம் நானும் வந்து பாக்கறேன், கம்ப்யூட்டர் ஆஃப்லயே இருக்குது. காதுல பாட்டு மாட்டிக்கினு நிம்மதியா உக்காந்திருக்கீங்க. வாயால சொல்ல சங்கடமா இருக்கும்னு நானா புரிஞ்சுக்கினேன். எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது."

பாட்டு!

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. "வாங்க சார்" என்று என் மேசைக்குக் கூட்டி வந்தேன். காதிலிருப்பதன் வயரைப் பிடுங்கிவிட்டு அந்தக் கோப்பைத் திறந்தேன். என்னை விலக்கும் குறிப்பை அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்கும்படி படித்தது. திரை இருட்டாகவே இருந்தது.

"போதும்மா, நிறுத்துங்க" என்றார். பிறகு, "அப்ப போன வாரம் வந்த வரைவெல்லாம்?"

"நான்தான் சார்."

"நான் பிரிண்ட் மட்டும்தான் சார் எடுத்தேன்" என்றாள் வினோதினி. அவள் குரல் அழுவதுபோல இருந்தது. "அக்கா ஒத்துக்கிட்டாங்கன்னு சார் சொன்னாரு. அதான்க்கா அடிச்சேன். உங்களுக்குப் படிக்கணுமேன்னுதான் யூனிகோடுல..."

அவளை எப்படிக் கோபித்துக்கொள்வது?

கோதண்டராமன் குறிப்பை நிறுத்திவைப்பதாகச் சொன்னார். போகிறபோது ஒன்று சொன்னார், அதுதான் இன்னும் வேகிறது: "திரைய ஆன்ல வெச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமேம்மா. இனிமே எரியட்டும். பாக்கறவங்க தப்பா நினைப்பாங்க."

எனக்குத் தேவையில்லாத விளக்கு. அவர்களுக்காக எரிய வேண்டுமாம்.

ஜூலை 10, வியாழன். பௌர்ணமி

எரியவிட்டேன். பிரிவு போய்விடக் கூடாதே. கூச்சமாக இருந்தது, வேஷம் கட்டி உட்கார்ந்த மாதிரி.

இந்த முறை திருமலையிடம் சொல்லி, குச்சியை விரித்துப் பிடித்து நடந்தே சந்து வரை போனேன். யாரும் எதுவும் தரவில்லை. "நடக்கறவளுக்கு எவன் குடுப்பான்?" என்றார் அவர். சிரித்துவிட்டேன்.

ஜூலை 23, புதன்

இன்னும் பாதி ஊர்கள் படம்தான் அனுப்புகின்றன. சண்டை போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிவிட்டது. கலையரசன், "எங்க பேங்க்லயும் அதேதான் மேடம். இன்னும் திட்டிக்கினேதான் இருக்கேன்" என்கிறார். ஆறுதலாம்.

ஆகஸ்ட் 20, புதன்

கணக்குப் பிரிவில் ஒரு மானிட்டர் புகைந்துவிட்டது. புதியது கேட்டு எழுதினால் எப்போது வருமோ. காலையில் என் மேசை முன்னால் யாரோ செருமினார்கள்.

"அம்மா, கோதண்டராமன் பேசறேன்." இப்போதெல்லாம் வந்து நின்றால் பெயர் சொல்கிறார். "அது வந்து... தப்பா நினைச்சுக்காதீங்க... உங்க மானிட்டர்..."

அவர் திணறட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டேன். உதவி செய்யவில்லை.

"பாக்கறவங்க தப்பா நினைப்பாங்களே சார்?"

"இல்லம்மா. இங்க எல்லாருக்கும் தெரியும்."

வயரை நானே கழற்றிக் கொடுத்தேன். தூக்கிக்கொண்டு போனார்கள். கண்ணுக்கு முன்னால் எப்போதும் நின்ற அந்த வெளுப்பு இல்லை. அது நின்ற இடத்தைத் தடவிப் பார்த்தேன், தூசி. வினோதினி அந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் போனாள். மதியத்துக்கு அங்கே சாப்பாட்டுக் கூடையை வைத்தேன். இத்தனை நாளும் அது காலடியில் கிடந்தது.

மாலையில் ஒரு ஊரிலிருந்து மனு அறிக்கை வந்தது. படம். "காலி" என்றது குரல்.

"படிக்க இயலாத வடிவில் பெறப்பட்டதால் திருப்பி அனுப்பப்படுகிறது. தட்டச்சு செய்த கோப்பாக அனுப்பவும்" என்று அடித்துத் திருப்பி அனுப்பினேன். கீழே என் பெயர் போட்டேன். அதன் கீழே, மனுப் பிரிவு.