லோகோ பெருசான கதை

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி இப்போ தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

எங்க டீம் லீடர் அடிச்ச கூத்தைக் கேளுங்க. மெத்தை விளம்பரத்துல லோகோவைப் பெருசாக்கு, இன்னும் பெருசாக்குன்னு உயிரை வாங்கினார். "சார், போன் நம்பர் மறையுது"ன்னேன். "சொன்னதைச் செய்ம்மா"ன்னார். போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டியாச்சு, நம்பரைக் காணோம். மீட்டிங்ல வாய் கூசாம என்னைக் காட்டி, "நம்பர் மறையுதுன்னு நான் அப்பவே இவங்ககிட்ட சொன்னேன்"ங்கறார். சீன்னு ஆயிடுச்சுப்பா. எல்லாம் தெரிஞ்ச டீம் ஆளுங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க, அதுதான் இன்னும் குமட்டுது.

மத்தபடி ஒண்ணுமில்லை. அம்மாகிட்ட சொல்லாதீங்க. மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு தினம் ஒரு போன் பண்ணுங்க. பேச விஷயம் இல்லாட்டியும் பரவாயில்லை. இப்பல்லாம் யாரும் என்கூட சாப்பிட உட்கார்றதில்லை. போன் காதுல இருந்தா, தனியா இருக்கற மாதிரி தெரியாது.

அந்த ஆள் வர்றார், நிறுத்திக்கறேன்.

உங்க சின்னவ