வெயிலில் கிடக்கும் கடைசித் தாள்

என் ஐலுவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இந்தக் கடற்கரைக் குடிலில் நானும் பேத்தி மாரெட்டும் சுகம். இங்கே ராத்திரியிலும் சூரியன் மறையாததால் எனக்குத்தான் தூக்கம் பிடிக்காமல், சும்மா நடந்துகொண்டே இருக்கிறேன்.

அப்படி நடந்ததில் ஒரு சின்னத் தப்பு. நம் பேத்தி கேமரா இல்லாமலே செடியைப் படமெடுக்கிறாள். வெயில் பட்டால் நிறம் மாறும் மருந்து தடவிய தாளில் புளிக்கீரையை வைத்து, கண்ணாடியால் மூடி, மூன்று நாள் வெயிலில் விட்டால் இலை நரம்புகூடப் பதிகிறது. யாருக்கு வரும் இந்தக் கை? நானோ இறைச்சி காயப்போடும் பழக்கத்தில் கண்ணாடியைத் தூக்கி இலைகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுவிட்டேன். படம் கலங்கிப்போயிற்று.

"பாட்டி, இது என்ன மான்கறியா?" என்றாள்.

"ஒரு பக்கமே காஞ்சா கெட்டுப்போகாதாடி?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் வைக்கப்போகும் கண்காட்சியில் நடுவே மாட்ட வேண்டிய படமாம். மிச்சம் ஒரே தாள்தான்.

அதில் புதுக்கீரையை வைத்து வெயிலில் போட்டு, இப்போது என் காவலில் விட்டுத் தூங்குகிறாள். தொடக்கூடாது என்றுதான் கையில் பேனாவைப் பிடித்திருக்கிறேன். உங்கள் பழைய கம்பளிச் சட்டையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

கீரையை மோப்பம் பிடித்து ஒரு பனிமான் மேட்டிலிருந்து இறங்குகிறது. காதில் நம் வீட்டு அடையாள வெட்டு இல்லை, அடுத்தவர் மந்தை மான், என் பேச்சைக் கேட்காது. ஓடுகிறேன்.

உங்கள் ரிஸ்டின்