கதை இல்லாத படம்

நவம்பர் 9, 2025, ஞாயிறு

வார லீவு. மண்ணூரில் பகலவன் அண்ணன் வீட்டில் படம் பார்த்தோம். கம்பெனியில் எங்கள் லைனில் மெஷின் பழுது பார்ப்பவர். பத்து வருஷமாகியும் காண்ட்ராக்ட்தான். ஜன்னலுக்குப் போர்வை கட்டி, புரொஜெக்டரில் படத்தைச் சுவரில் போட்டார். நான், என் ரூம்மேட் உலகம்மாள், இசக்கிபாண்டி, அருள்பாண்டி. நாலு பேரும் ட்ரெய்னி.

அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் கவிஞர்களும் அவர்கள் சேக்காளிகளும் காசில்லாமல், ஊருக்குத் தெரியாமல் எடுத்த படமாம். கறுப்பு வெள்ளை. ஒருத்தன் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறான். நாற்காலி தலைகீழாகிறது. எவனோ மூச்சுவிடாமல் கவிதை கத்துகிறான். பிலிமையே ஆணியால் கீறி வைத்திருக்கிறார்கள். என்ன எழவுடா இது என்று வந்தது எனக்கு.

"கதைய தேடாத பேச்சி. சும்மா பாத்துகினே இரு" என்றார் அண்ணன்.

அப்புறம் ஒரு பொம்பளை. ஜன்னலோரம் நின்று, ஒன்றுமே செய்யாமல், நம்மையே பார்க்கிறாள். ரொம்ப நேரம். நாற்பது செகண்டுக்கு ஒரு பீஸ் முடிக்கிற என் கை மடியில் சும்மா கிடந்தது. அழுகை வந்துவிட்டது. ஏன்? தெரியவில்லை. பிடித்திருந்தது என்று அண்ணனிடம் சொன்னேன்.

நவம்பர் 11

எவனோ ஹெச்.ஆர்.கிட்ட போட்டுக் குடுத்திருக்கான். ஜன்னலை மூடிக்கொண்டு ட்ரெய்னிகளோடு யூனியன் கூட்டமாம்! வெளங்கும்.

நவம்பர் 12

ஹெச்.ஆர். ராஜசேகர் சார் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார். படத்தின் பெயர்? நாலு பேருக்குமே தெரியவில்லை. கதை? உலகம்மாள் பேய்ப்படம் என்றாளாம், இசக்கிபாண்டி காதல் படம் என்றிருக்கிறான். அருள்பாண்டி தூங்கிவிட்டேன் என்றான். அது நெசம். நான் உள்ளதைச் சொன்னேன்: நாற்காலி, கீறல், அந்தப் பொம்பளை.

"நாலு பேரு நாலு கதை சொல்றீங்க. என்னைப் பாத்தா கேனையன் மாரி தெரியுதா?"

நவம்பர் 13

இந்த மாதத்தோடு ட்ரெய்னிங் முடிகிறது. பெர்மனென்ட் ஆகலைன்னா ஊர்ல பீடி சுத்தணும், கொம்பையா மாமாவுக்குக் கழுத்த நீட்டணும். மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

நவம்பர் 14

இன்றைக்கு என்னை மட்டும் கூப்பிட்டார். "உண்மைய எழுதிக் குடுத்துட்டு போ. உன் பைல் என்கிட்டதான் கீது."

எழுதினேன். படமே போடவில்லை, பகலவன் யூனியனில் சேரச் சொன்னார், நாங்கள் நாலு பேரும் முடியாது என்று எழுந்து வந்துவிட்டோம்.

"இப்ப புரியுது" என்றார் சார்.

பாவி. நான் ஒரு பாவி.

நவம்பர் 17

பகலவன் அண்ணனின் பாஸைக் கேட்டிலேயே வாங்கிக்கொண்டார்கள். இனி வேலைக்கு வர வேண்டாமாம்.

டிசம்பர் 1

பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. அம்மா போனிலேயே குலவை போட்டாள்.

சாயங்காலம் ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில் பகலவன் அண்ணன். கம்பெனியில் ஏதோ பேப்பர் வாங்க வந்தாராம். நான் ஒளியப் பார்த்தேன், அதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"பொண்ணுங்கள்ல ஒருத்திதான் எழுதிக் குடுத்தாளாம். உலகம்மாதான், வேற யாரு? படம் புடிச்சுதுன்னு சொன்னவ நீ ஒருத்தி. உன்னப் போய் நெனைப்பனா?"

அவள் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். ஆட்டோ வந்தது, ஏறிவிட்டேன்.

ரூமில் உலகம்மாள் எனக்காகக் கேசரி கிண்டி வைத்திருந்தாள். சாப்பிட்டேன்.