வெளிச்சம் அடிக்காத கண்ணாடி

லெம்விக்,
அக்டோபர் 5, ஞாயிறு

அன்புள்ள மாலேனேவுக்கு,

இன்று காலை எழுந்ததும், காப்பிகூடப் போடாமல், நான் செய்த முதல் வேலை என் இடது கண்ணை வரைந்தது.

எங்கள் திருமண வெள்ளி விழாப் படத்துக்காகத்தான். இருபத்தெட்டாம் தேதி வருகிறதே. உள்ளூர்ப் பத்திரிகைக்குப் புதன்கிழமைக்குள் படம் போக வேண்டும். போன ஞாயிறு உன் அத்தான் தோர்பன் எங்கள் ஸ்டூடியோவில் கேமராவைத் தானாக இயங்கும்படி வைத்துவிட்டு ஓடி வந்து என் பக்கத்தில் நின்றார். ஒரே ஒரு படம். அதில் அவர் நன்றாக வந்திருக்கிறார். என் மூக்குக் கண்ணாடியில்தான் இரண்டு பக்கமும் விளக்குப் பெட்டி வெள்ளைச் சதுரமாக உட்கார்ந்திருக்கிறது. உள்ளே கண் இருக்கும் தடமே இல்லை. திரையைப் பார்த்தவர், “அட, இது நீதானே. இந்த வெள்ளையை நீயே எடுத்துடுவே” என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஊரில் பாதிப் பேரின் கண்களை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். ரொட்டிக் கடைக்காரரின் வலது கண்ணில் ஒரு பழுப்புப் புள்ளி உண்டு. எதிர் வீட்டு ரூத்துக்கு இடது இமை சற்றுத் தாழ்ந்திருக்கும். என் கண்தான் எனக்குத் தெரியவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து மேசையில் சாய்த்து வைத்து, பார்த்துப் பார்த்து வரைந்தேன். பொம்மைக் கண் மாதிரி வந்தது. பிறகு நீ படகில் நின்று சிரிக்கிற பழைய படத்தைத் தேடி எடுத்து, உன் கண்ணை வெட்டி வைத்துப் பார்த்தேன். நிறம் பொருந்தியது, நம் இருவருக்கும் அம்மாவின் கண் அல்லவா. ஆனால் அந்தக் கண் சந்தோஷமாக இருந்தது. எடுத்துவிட்டேன்.

விழாவுக்கு விமான டிக்கெட் எடுக்கட்டுமா என்று இரண்டு முறை கேட்டுவிட்டாய். நான் பதில் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. ஃபோனில் பேசினால் ஸ்டூடியோ வரை கேட்கும். அதனால் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டு டிக்கெட்டைப் பற்றி யோசி.

எங்கள் வேலை எப்படியென்று உனக்குத் தெரியும். அவர் எடுப்பார், நான் திருத்துவேன். திருத்தம் என்றால் பருவும் சுருக்கமும் கொஞ்சம்தான். முக்கால்வாசி நேரம் மூக்குக் கண்ணாடியில் அடிக்கிற வெளிச்சத்தை எடுப்பதுதான். வெள்ளையை வழிக்கலாம். அதற்கு அடியில் கண் இல்லையென்றால் வரையத்தான் வேண்டும். விளக்கைக் கொஞ்சம் உயர்த்தினால், முகத்தை ஒரு விரல் தாழ்த்தச் சொன்னால், கண்ணாடியைக் கழற்றச் சொல்லி இன்னொரு படமும் எடுத்து வைத்தால், எனக்கு அரை நாள் மிச்சம். கல்யாணமான முதல் வருடமே கேட்டேன். “கண்ணாடி போட்டா க்ளேர் அடிக்கத்தான் செய்யும் ரிக்கே. அது இயற்பியல். ஆர்ஹுஸ் காலேஜ்ல போய்ப் படிச்சவளுக்கு இதைக்கூட நான் சொல்லணுமா?” என்றார். இன்னொரு முறை கேட்டதற்கு, “ஒவ்வொருத்தர் மூக்குக்கும் விளக்கை நகர்த்திட்டிருக்க நேரம் இருந்தா நான் ஏன் லெம்விக்ல குப்பை கொட்டறேன்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஆகஸ்டில் நகரசபைத் தேர்தல் வேட்பாளர்கள் ஏழு பேர் வந்தார்கள், சுவரொட்டிக்குப் படம் எடுக்க. ஏழில் ஐந்து பேர் கண்ணாடிக்காரர்கள். நான்கு பேர் கண்ணாடியில் வழக்கம்போல வெள்ளைச் சதுரம். ஐந்தாவது வீபெக்கே. அவளை உனக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக வந்தவள். தோர்பன் பாடுகிற செவ்வாய்க்கிழமைக் குழுவில் அவளும் பாடுகிறாள்.

மற்றவர்களுக்கு ஆளுக்கு ஆறு படம். அவளுக்கு நாற்பத்து மூன்று. ஒன்றில்கூட வெளிச்சம் அடிக்கவில்லை. தடித்த கண்ணாடி அவளுக்கு. ஆனாலும் கண் இரண்டும் தெளிந்த தண்ணீரில் கிடக்கிற மாதிரி தெரிந்தன. கடைசி மூன்றில் கண்ணாடி இல்லாமல், அதே சாய்வில், அதே விளக்கில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை.

இதில் நான் செய்த முட்டாள்தனத்தைக் கேள். வசந்த காலத்திலிருந்து எனக்கு மணிக்கட்டு வலிக்கிறது என்று சொல்லியிருந்தேன் அல்லவா? அதற்காகத்தான் மனிதர் ஒருவழியாக மாறியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை அவருக்குப் பிடித்த பன்றி வறுவலும் பார்ஸ்லி சாஸும் செய்து வைத்தேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். வீபெக்கே படத்தில் க்ளேரே இல்லையே என்று சந்தோஷமாகக் கேட்டேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “அவ கண்ணாடி புதுசு. வெளிச்சம் அடிக்காத பூச்சுப் போட்டது” என்றார். மறுநாள் ஒரு வயதான தம்பதியின் படம் வந்தது. நான்கு வெள்ளைச் சதுரங்கள்.

போன வாரம் சனிக்கிழமை ரொட்டிக் கடை வரிசையில் அவள் எனக்கு முன்னால் நின்றாள். பேச வேண்டுமே என்று, உங்கள் புதுக் கண்ணாடி நன்றாக இருக்கிறது என்றேன். “ஐயோ, இதா புதுசு? பதினஞ்சு வருஷம் ஆச்சுங்க, கீறல் பாருங்க! உங்க வீட்டுக்காரர்தான் பாவம். ரெண்டு மணி நேரம் பாடுபட்டார். விளக்கை ஏத்தி இறக்கி, இந்தக் கம்பியைக் காதுக்கு மேல இப்படி ஒரு நூல் தூக்கி வெச்சு…” என்று எப்படியென்று காட்டக் கையைக் காதோரம் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றுவிட்டது. கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தாள். கடைக்காரர் வேறு, “என்ன டீச்சரம்மா, காது வலியா?” என்று கேட்டு வைத்தார். வாங்கிய ரொட்டியை விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். அவள் பொல்லாதவள் இல்லை, மாலேனே. பொல்லாதவளாக இருந்தால் பொய் சொல்லத் தெரிந்திருக்கும்.

அந்த ரொட்டியையும் நானே எடுத்து வந்தேன். மறுநாள் காலை உன் அத்தான் அதில் வெண்ணெய் தடவித் தின்றார். ரொட்டி நன்றாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய் என்றார்.

அவரிடம் நேராகக் கேள் என்பாய். என்ன கேட்க? எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றா? எனக்குத் தெரியாது. ஒருவேளை காது வரைதான் போயிருக்கலாம். அதைவிட அதிகமாகப் போயிருந்தால்கூட, ஆத்திரப்பட்டு, அழுது, கடைசியில் மன்னித்திருப்பேன் என்று தோன்றுகிறது. மனிதர்கள் தடுமாறுகிறார்கள். ஆனால் இவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த முதல் வருடத்திலிருந்தே எல்லாம் தெரிந்திருக்கிறது. முடியாது என்று அவர் சொன்னது அவரால் முடிகிற காரியம்தான். எனக்காகச் செய்ய வேண்டியதாக அவருக்குப் படவில்லை, அவ்வளவுதான். அதை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய சோம்பலைத் துடைத்துத் துடைத்து அவரை நல்ல போட்டோக்காரர் என்று ஊரை நம்பவைத்தவளும் நான்தான். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

நேற்று ரூத்தின் கணவர் எகோன் அளவு நாடாவோடு வந்தார். வெள்ளி விழாவுக்குப் பக்கத்து வீட்டார் வாசலில் கட்டுகிற பைன் இலை வளைவுக்குக் கதவை அளக்க. “அகலமாவே கட்டிடறோம் ரிக்கேம்மா. மாப்பிள்ளை தொப்பை முட்டிக்கிட்டு நின்னுட்டார்னா காலைல பாட வந்தவங்களுக்கெல்லாம் யார் சாராயம் ஊத்தறது?” என்றார். எகோன் இந்த முறை வீபெக்கேயின் கட்சிக்குச் சுவரொட்டி மாட்டுகிற வேலை செய்கிறார். “ஏணி ஒண்ணுதான் இருக்கு. இருபத்தஞ்சாம் தேதி சனிக்கிழமை டீச்சரை விளக்குக் கம்பத்துல ஏத்திட்டு, திங்கள் சாயங்காலம் உனக்கு வளைவு கட்ட வந்துடறேன். முந்தி அவ, அப்புறம் நீ. சரியா?” என்று கண் சிமிட்டினார். பாவம், வெகுளி. சரி என்றேன். அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். தோர்பன் உள்ளேயிருந்து, “எனக்கும் ஒண்ணு!” என்று குரல் கொடுத்தார். அவருக்கும் ஊற்றினேன்.

இவ்வளவுதான் விஷயம். எழுதிப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. ஒரு பெண்ணின் படம் நன்றாக வந்திருக்கிறது, அதற்காக ஒருத்தி மனம் உடைந்தாள் என்றால் ஊர் சிரிக்கும். நீ சிரிக்கமாட்டாய் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இரவுப் பணியை விட்டுவிட்டாயா? மருத்துவமனையிலிருந்து தனியாக நடந்து வராதே, அங்கே பாதையெல்லாம் உறைந்திருக்கும். உன் வீட்டில் துணி காயப்போடுகிற அந்தச் சின்ன அறையை மட்டும் கொஞ்சம் ஒழித்து வை. கட்டில் வேண்டாம், தரையில் ஒரு மெத்தை போதும். நீ என் தங்கை. உன்னிடம் மன்றாடிக் கேட்கலாம். எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்காதே.

டிக்கெட் எடுக்காதே. இருபத்தேழாம் தேதி உன் ஊர் நூக்குக்குப் போகிற விமானத்தில் எனக்கு ஓர் இடம் பதிவு செய்துவிட்டேன், போவதற்கு மட்டும். மறுநாள், விழாக் காலையில், பக்கத்து வீட்டார் வாசலில் வந்து பாடும்போது கதவைத் திறக்க அவர் ஒருவர்தான் இருப்பார். இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நாளைக் காலை இந்த உறையைத் தபால்பெட்டியில் போடும் வரை, உன்னிடமும் சொன்னதாகாது.

உன் அக்கா,
ரிக்கே